டோக்கன் இன்னும் மாட்டவில்லை

1. துண்டுச் சீட்டு

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, பூத்தின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். உள்ளே போன் அடித்தது. குனிந்து நுழைந்து எடுத்தேன்.

"அக்கா, நான் சுமதி பேசறேன். மைசூர் மைன்ஸ் லைன் எத்திராஜ் பொண்ணு. பம்பாயிலேர்ந்து பேசறேன். நல்லா கீறேன்னு வூட்ல சொல்டுங்க. சோறு நல்லா போடறாங்க. அப்பாகிட்ட சொல்லுங்க, டோக்கன் இன்னும் போர்டுல மாட்டல. மறக்காத சொல்லுங்க அக்கா, டோக்கன் இன்னும் மாட்டல."

பின்னால் ஓர் ஆண் குரல், "போதும், அடுத்த ஆளு வா" என்றது. லைன் கட்டாகிவிட்டது.

என் பெயர் கிரேஸ். கோலார் தங்க வயலில் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் பன்னிரண்டு வருஷமாக எஸ்.டி.டி. பூத் நடத்துகிறேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றுவிட்டது. பூத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும், நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் பூத்காரர்கள் கூட்டத்தில் கேட்டார்கள். பேசச் சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன். எழுதத்தானே சொன்னார்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது மைன்ஸ் லைன் என்கிற சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில் போன் கிடையாது. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் என் பூத்துக்கு அடித்து, இன்னார் வீட்டில் சொல்லிவிடுங்கள் என்பார்கள். வீட்டுக்காரர்களும் என் நம்பரையே தங்கள் நம்பராகக் கொடுத்து வைத்திருந்தார்கள். பி.பி. நம்பர் என்று இதற்குப் பெயர். கல்யாண நிச்சயம், ஆஸ்பத்திரி, இன்டர்வியூ எல்லாம் என் காது வழியாகத்தான் லைன்களுக்குப் போயின.

காது நன்றாக வேலை செய்தது. வாய்தான் வேலை செய்யாது. முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டி நாலு வார்த்தை பேச எனக்குக் கூச்சம். அதனால் வந்த சேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மத்தியானம் பூத்தைச் சாத்திவிட்டுப் போய் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிடுவேன். பக்கத்தில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் கனி பாய், "கிரேஸம்மா போஸ்ட்மேன் இல்ல, எலி. கதவுக்கு அடியிலயே போயிட்டு வந்துடும்" என்று எல்லாரிடமும் சொல்லுவார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழில் நான்தான் முதல் மார்க். அதனால் சேதிகளைத் திருத்தி, நல்ல தமிழாக்கி, சுருக்கி எழுதுவேன். "கீறேன்" என்று வந்தால் "இருக்கிறேன்" என்று ஆகும். சம்பந்தமில்லாத பேச்சை வெட்டிவிடுவேன். இதில் எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

சுமதியின் சேதியையும் அப்படித்தான் செய்தேன். டோக்கன் விஷயம் எனக்குப் புரியவில்லை. எத்திராஜண்ணன் அண்டர்கிரவுண்டில் டிம்பர்மேன். கீழே சுரங்கம் சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை. எப்போதோ அவர் டோக்கனைத் தொலைத்து ஷிஃப்ட் அதிகாரியிடம் திட்டு வாங்கியிருப்பார், மகள் அதைச் சொல்லிக் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தேன். அப்பாவை மகள் கிண்டல் செய்வதை நான் போய் எழுதிக் கொடுப்பதா? விட்டுவிட்டேன்.

"சுமதி பம்பாயில் நலமாக இருக்கிறாள். உணவு நன்றாக உள்ளது."

இவ்வளவுதான் சீட்டு.

2. வேற இன்னா சொன்னா?

வியாழக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து எத்திராஜண்ணன் நேராகப் பூத்துக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"கிரேஸு, நீ எழுதினத பத்து தபா படிச்சிட்டா உங்க அண்ணி. ரெண்டு மாசமா ஒரு சேதி இல்லாம அழுதுகினே இருந்தா. ஆமா, கொரலு எப்டி இருந்துச்சி? வேற இன்னா சொன்னா?"

"வேற ஒண்ணும் இல்லண்ணா."

"ஒண்ணுமேவா? அந்த வாயாடி சோறு நல்லா கீதுன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சிட்டாளா?"

அவர் சிரிப்பைப் பார்த்ததும் மறைக்க மனசு வரவில்லை. "உங்களப் பத்தி ஏதோ தமாஷா சொன்னா. டோக்கன் இன்னும் போர்டுல மாட்டலன்னு."

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வாழைப்பழத்தைக் கவுன்டர் மேல் வைத்தார்.

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"ரெண்டு தபா சொன்னாளா, ஒரு தபாவா?"

"ரெண்டு தபா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எனக்கு விளக்கினார். கீழே இறங்குகிற ஒவ்வொரு ஆளும் தன் நம்பர் போட்ட டோக்கனைப் போர்டிலிருந்து எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஷிஃப்ட் முடிந்து கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், மேலே வந்ததும் திரும்ப மாட்டவேண்டும். போர்டில் ஒரு ஆணி காலியாக இருந்தால் ஒருத்தன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அவன் வரும்வரை தேடுவார்கள். இந்தச் சேதி லைனுக்கு வந்தால் பொம்பளைகள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுரங்க வாயான ஷாஃப்டுக்கு ஓடுவார்கள்.

"எம்மவ குழந்தையா இருக்கறப்ப ரெண்டு தபா அவங்கம்மாவோட அப்டி ஓடியாந்துகீறா. டோக்கன் மாட்டலன்னா இன்னான்னு அவளுக்குத் தெரியும் கிரேஸு. பொண்ணு உள்ள மாட்டிக்கினு கீது. வெளிய வர முடியல. பக்கத்துல ஆளு நிக்கறான், அதான் இப்டி சொல்லிகீது."

நான் அந்த ஊரிலேயே பிறந்தவள். ஆனால் என் அப்பா ஆஸ்பத்திரி கம்பவுண்டர். எங்கள் வீட்டில் யாரும் கேஜில் இறங்கியதில்லை. டோக்கனைப் பார்த்திருக்கிறேன், அதற்காக ஓடியதில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். நாலு நாள். அந்தப் பெண் கூப்பிட்ட குரலை நாலு நாள் எனக்குள்ளேயே மூடி வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை. அவரும் திட்டவில்லை. திட்ட அவருக்கு நேரம் இல்லை.

3. லாரி ஆபீஸில் நாலு பேர்

சுமதியையும் லைனில் இன்னும் ஐந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு போனது ஓர் ஏஜெண்ட் அம்மா. பட்டுப்புடவை, கைப்பை, நல்ல பேச்சு. பம்பாயில் டெய்லரிங் கம்பெனி, ஹாஸ்டல் உண்டு, மிஷினில் உட்கார்ந்து செய்கிற வேலை என்றாள். மைன்ஸ் இன்றைக்கு மூடும், நாளைக்கு மூடும் என்று பேச்சு இருந்த காலம். வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது வெளியே சம்பாதிக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா கொடுத்த விலாசத்துக்கு எழுதிய கடிதம் திரும்பி வந்துவிட்டது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என் டிராயரில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. பங்காருபேட்டையில் பெண்களுக்கான சென்டர் நடத்தும் வனஜா மேடம், சில மாதங்களுக்கு முன் பூத் பூத்தாக வந்து கொடுத்தது. வேலைக்கென்று போன பிள்ளைகளிடமிருந்து சேதி இல்லையென்றால் கூப்பிடுங்கள் என்று போட்டிருந்தது. கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். ஒட்டினால் படித்துவிட்டு யாராவது என்னைக் கேள்வி கேட்பார்களே என்று உள்ளே வைத்துவிட்டேன். அதை எடுத்து டயல் செய்தேன். பன்னிரண்டு வருஷத்தில் எனக்காக நான் போட்ட போன்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மேடம் அடுத்த ரயிலிலேயே வந்துவிட்டார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், அவசரத்தில் கன்னடம் உள்ளே புகுந்துகொள்ளும். என் பூத்தில் இரண்டு பேர்தான் நிற்கலாம். அதனால் கனி பாய் தன் ஆபீஸில் பெஞ்சைத் துடைத்துப் போட்டார்.

"போலீசுக்குப் போகணும், போவோம்" என்றார் வனஜா மேடம். "ஆனா எந்த ஊருன்னு கேட்டா ஏனு சொல்றது? பம்பாய்ன்னு சொல்லச் சொல்லியிருப்பாங்க. நெஜமா பம்பாயான்னே தெரியாது. முதல்ல ஊரு பேரு வேணும். அந்த ஹுடுகி, அந்தப் பொண்ணு, மறுபடி போன் மாடுவாளா?"

"ஞாயித்துக்கிழமை பண்ணாலும் பண்ணுவா" என்றேன். "அடுத்த ஆளு வான்னு ஒருத்தன் சொன்னான். வரிசையா நிக்க வெச்சு பேச வெக்கறாங்க போல. வூட்டுக்காரங்க தேடக் கூடாதுன்னு."

"சபாஷ். அவ போன் பண்ணா நீதான் பேசணும்."

"நானா? அண்ணன் பேசட்டும்."

எத்திராஜண்ணன் தலையை ஆட்டினார். "அவ கொரல கேட்டா நான் அழுதுடுவேன் மேடம். இல்லாங்காட்டி அவன கெட்ட வார்த்தைல திட்டிடுவேன். ரெண்டுல ஒண்ணு நடக்கும்."

"பி.பி. நம்பர்ல எப்பவும் பேசற பூத்துக்காரம்மா பேசினா அவனுக்குச் சந்தேகம் வராது" என்றார் மேடம்.

கனி பாய் தாடியைச் சொறிந்தார். "மேடம், நான் பக்கத்துக் கடை. இத்தினி வருஷத்துல இது என்கிட்ட மூணு வார்த்த பேசிகீது. 'பாய், சில்லற இருக்கா.' அவ்ளோதான். இதப் போயி பேசச் சொல்றீங்களே."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பேசறேன்" என்றேன்.

"நாலு வார்த்த ஆச்சு" என்றார் கனி பாய்.

வெள்ளியும் சனியும் எத்திராஜண்ணன் ஷிஃப்ட் முடிந்ததும் பூத்துக்கு வந்து எனக்குப் பாடம் எடுத்தார். எப்படிக் கேட்டால் சுமதிக்குப் புரியும், பக்கத்தில் நிற்பவனுக்குப் புரியாது? அந்த வெளியூர்க்காரனுக்குத் தமிழ் தெரியும், தங்க வயல் தெரியாது. மைன்ஸ் பேச்சும் ஊரின் அடையாளங்களும்தான் எங்கள் பூட்டுச் சாவி. நான் நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டேன். இந்தத் தடவை அவர் சொன்னது சொன்னபடி.

4. இரண்டாவது ஞாயிறு

அன்றைக்கு சர்ச்சுக்குப் போகவில்லை. காலையிலிருந்தே போன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பூத்துக்கு வந்த கஸ்டமர்களையெல்லாம் கனி பாய் வாசலிலேயே நிறுத்தி, "லைன் அவுட்டுப்பா, அடுத்த பூத்துக்குப் போ" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். எத்திராஜண்ணன் கண்ணாடிக்கு வெளியே நின்றார். வனஜா மேடம் என் பக்கத்தில் ஸ்டூலில்.

பதினொன்று ஐம்பதுக்கு அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"அக்கா, சுமதி. நல்லா கீறேன்."

"அப்பாகிட்ட சொல்லிட்டேன்மா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மேடம் என் தோளில் ஒரு தட்டு தட்டினார். சத்தமாகச் சொன்னேன். "டோக்கன் விஷயம் சொல்லிட்டேன். அப்பா கேக்கறாரு, உன்னோடத சேத்து எத்தினி டோக்கன் மாட்டல?"

அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. அவ்வளவு பெரிய மூச்சு.

"பதினாலு அக்கா."

"அப்பா நேத்து மாரிக்குப்பத்துல ரயிலுக்கு நின்னாரு. அங்க எப்டி?"

"இங்கயும் மாரிக்குப்பம் மாதிரிதான் அக்கா. அதுக்கு அப்பால ரயிலு ஏது?"

மாரிக்குப்பம் எங்கள் ரயில் பாதை முடிகிற இடம். தண்டவாளம் அங்கே நின்றுவிடும். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"வூட்டு ஜன்னல்ல இன்னா தெரியுது?"

"சயனைடு மேடு. நம்மூரு மாதிரியே, எங்க பாத்தாலும். ஆனா வெள்ளவெளேர்னு கீது. கண்ணு கூசுது."

"வேலை?"

"அப்பாவுக்கு சென்னாக்குன்னின்னா உசிருல்ல? அது ஒவ்வொண்ணும் வெரல் தண்டி இருந்தா, அத ஐஸ்ல போட்டு நாள் பூரா உரிச்சா எப்டி இருக்கும்னு கேளுங்க."

ஆண் குரல் கேட்டது. "என்ன கதை பேசிட்டு இருக்கே? வை."

"எங்கம்மாவுக்கு சமையல் சொல்றேன்" என்றாள் அவனிடம். பிறகு என்னிடம் அவசரமாக, "அக்கா, அப்பாவ கேஜை எறக்கச் சொல்லுங்க" என்றாள். லைன் போய்விட்டது.

நான் ரிசீவரை வைக்காமல் எழுதி முடித்தேன். "கீது" எல்லாம் "கீது" ஆகவே இருந்தது. அந்த மூச்சைக்கூட எழுதினேன்: "பெரிய மூச்சு விட்டாள்."

எத்திராஜண்ணன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். நோட்டைத் திருப்பிக் காட்டினேன். கடைசி வரியைப் படித்துவிட்டுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

5. வெள்ளை மேடு

லாரி ஆபீஸில் என் நோட்டைப் பெஞ்சின் நடுவில் வைத்து எல்லாரும் குனிந்தோம். கனி பாயின் டிரைவர் கோவிந்து லோடு இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். கோலாரிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு வடக்கே போய், குஜராத்திலிருந்து டைல்ஸ் ஏற்றி வருகிறவன்.

சென்னாக்குன்னி புரிந்துவிட்டது. சந்தையில் படி அளந்து விற்கும் பொடி இறால் கருவாடு. விரல் தண்டி, ஐஸ், உரிப்பது என்றால் பெரிய இறால். டெய்லரிங் இல்லை, கடலோரத்தில் இறால் உரிக்கும் ஷெட். ரயில் முடிகிற ஊர். ஆனால் வெள்ளை சயனைடு மேடு? எங்கள் ஊரில் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் மலை மலையாக நிற்கும், அதைத்தான் அப்படிச் சொல்லுவோம். கடற்கரையில் ஏது தங்கச் சுரங்கம்?

"சுண்ணாம்பா?" என்றார் மேடம்.

"மாவு மில்லா இருக்குமா?" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கோவிந்து டீயை வாயிலேயே வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தான். "இன்னா பாய் இது, இவ்ளோ பேரு படிச்சவங்க இருக்கீங்க. உப்பு! உப்பளம்! அங்கல்லாம் உப்ப மலை மாதிரி குமிச்சி வெச்சிருப்பான். மத்தியானத்துல லாரி ஓட்டினா கண்ணே தெரியாது."

கனி பாய் துள்ளி எழுந்து அவன் முதுகில் ஓர் அடி வைத்தார். டீ பூராவும் நோட்டில். நல்லவேளை, பால்பாயிண்ட் பேனா.

"ரயில் முடியணும், உப்பு இருக்கணும், இறால் ஷெட் இருக்கணும். எத்தினி ஊருடா?"

"எனக்குத் தெரிஞ்சி நாலு."

அந்தத் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் என் பூத் தூங்கவே இல்லை என்பது போல இருந்தது. லாரி புக்கிங் ஆபீஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் முகம் பார்த்திருக்க மாட்டார்கள், ஆனால் குரல் தெரியும். கனி பாய் என் பூத்துக்குள் நின்று இந்தியிலும் உருதுவிலும் கத்தினார். "பாய்சாப், கோலார் கனி பேசறேன். எனக்கு லோடு வேணாம், ஒரு சேதி வேணும்." ஓர் ஆபீஸ் இன்னொரு ஆபீஸ் நம்பரைக் கொடுக்கும், அது இன்னொன்றைக் கொடுக்கும். நான் டயல் செய்வேன், எழுதுவேன், அடுத்ததை டயல் செய்வேன். ரீடயல் பட்டன் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ஹேர்பின்னால் நெம்பி எடுத்துவிட்டு மறுபடி டயல் செய்தேன். எனக்குப் பசியே தெரியவில்லை. அந்த வாழைப்பழத்தைத்தான் ஆளுக்கொன்றாகத் தின்றோம்.

செவ்வாய் சாயந்திரம் ஐந்து மணிக்குப் பதில் வந்தது. மூன்றாவது ஊர். உப்பளத்தை ஒட்டி ஒரு ஷெட், உயரமான காம்பவுண்டு, கேட்டில் எப்போதும் பூட்டு, உள்ளே தென்னாட்டுப் பெண்கள். பூட்டு திறப்பது ஒரே ஒரு வண்டிக்குத்தான். மங்களூர் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றின் ஐஸ் வண்டி.

6. மங்களூர் மேனேஜர்

போலீசையும் லேபர் ஆபீசரையும் அந்த ஊரில் வனஜா மேடத்துக்குத் தெரிந்த ஒரு சங்கத்தார் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு பயம் இருந்தது. சேதி கசிந்தால் பெண்களை ஒரே மணி நேரத்தில் வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். முன்னால் வேறோர் ஊரில் அப்படி நடந்திருக்கிறது என்றார் மேடம். கேட் தானாகத் திறக்கவேண்டும், அவர்கள் சந்தேகப்படாதபடி.

புதன்கிழமை என் பூத்திலிருந்து மங்களூர் கம்பெனியைக் கூப்பிட்டார். மேனேஜர் கிடைத்தார். கன்னடத்தில் பேச்சு. எனக்குக் கன்னடம் தெரியும். ரிசீவரிலிருந்து வந்த குரல் வெளியேயும் கேட்டது.

"அது கான்ட்ராக்டரோட ஷெட் மேடம். நாங்க சரக்குதான் வாங்கறோம். உள்ள யாரு வேலை செய்யறாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுன்னு நம்பறேன் சார். அதனாலதான் முதல்ல உங்களுக்குப் போன் பண்ணேன். அந்த கேட் உங்க வண்டிக்கு மட்டும்தான் திறக்குது."

"இதுல எங்கள இழுக்காதீங்க. எங்க சரக்கு வாங்கற பையர்ஸ் வெளிநாட்டுக்காரங்க. அவங்க காதுக்குப் போச்சுன்னா கம்பெனிய மூட வேண்டியதுதான்."

மேடம் ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கிரேஸ், உன் நோட்டு."

கொடுத்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "நீயே படி. கன்னடத்துல சொல்லு. அவ சொன்னதச் சொன்ன மாதிரியே."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ரிசீவரை என் கையில் திணித்துவிட்டார். வணக்கம்கூடச் சொல்லாமல் படிக்கத் தொடங்கினேன். பதினாலு. ரயில் இதற்கு அப்பால் இல்லை. வெள்ளை மேடு, கண் கூசுகிறது. ஐஸில் போட்டு நாள் பூரா உரிக்கிறோம். பெரிய மூச்சு விட்டாள். அப்பாவைக் கேஜை இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்றும் சொன்னேன்.

"நீங்க யாரம்மா?" என்று கேட்டார் மேனேஜர்.

"பூத்துக்காரி சார். பி.பி. நம்பர்."

"நம்பர் சொல்லுங்க. ஒரு மணி நேரத்துல கூப்பிடறேன்."

ஒரு மணி நேரம் என்றவர் நாற்பது நிமிஷத்தில் கூப்பிட்டார். முதலாளியிடம் பேசிவிட்டாராம். சனிக்கிழமை குவாலிட்டி இன்ஸ்பெக்‌ஷன் என்று ஷெட்டுக்குச் சொல்லி, ஐஸ் வண்டியோடு தானே நேரில் வருவதாகவும், கேட் திறந்தால் மூடாமல் பார்த்துக்கொள்வது தன் பொறுப்பு என்றும் சொன்னார். "பின்னாடி வர்ற ஜீப்ல யாரு இருக்காங்கன்னு நான் கேக்க மாட்டேன்" என்றார்.

வனஜா மேடமும் எத்திராஜண்ணனும் அன்றைக்கே ரயில் ஏறினார்கள்.

7. சனிக்கிழமை

பத்தரை மணிக்கு வண்டி உள்ளே போகும் என்று சொல்லியிருந்தார்கள். பதினொன்று, பதினொன்றரை. சுமதியின் அம்மாவும் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் பூத் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கனி பாய் எல்லாருக்கும் டீ சொன்னார், யாரும் குடிக்கவில்லை. பன்னிரண்டே காலுக்கு அடித்தது.

"அக்கா! வெளிய வந்துட்டோம்! அப்பா இங்கதான் கீறாரு, பேச முடியாம அழுதுகினு கீறாரு. பதினாலு பேரும் வந்துட்டோம்!"

வாசலைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். அவர்கள் போட்ட கூச்சலில் பஜாரே திரும்பிப் பார்த்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மனசில் அழுத்திக்கொண்டிருந்ததைக் கொட்டினேன்.

"சுமதி, நீ மொதல்ல சொன்னத நான் அப்பாகிட்ட உடனே சொல்லல. புரியலன்னு விட்டுட்டேன். நாலு நாளு வீணாப் போச்சு."

"நாலு நாளா?" என்றாள். "அந்த புதன்கிழமதான் அக்கா ஒருத்திக்குக் கையில சீழ் வெச்சி ஜுரம் வந்துச்சி. சரி, அதுக்கு வந்து உங்கள நல்லா கேக்கறேன். இப்ப பேனா எடுங்க. இவங்க எல்லாருக்கும் வூட்டுக்குச் சேதி சொல்லணும். ஒவ்வொருத்தரா தரேன்."

வந்தபின் நன்றாகவே கேட்டாள். அது எங்கள் இருவருக்குள்.

அதற்குப் பிறகு மங்களூர் கம்பெனி ஒரு ஏற்பாடு செய்தது. தங்களுக்குச் சரக்கு கொடுக்கும் ஒவ்வொரு ஷெட்டிலும் வேலை செய்கிறவர்களின் பெயர், ஊர், வீட்டு பி.பி. நம்பர் எழுதிய பட்டியல் வேண்டும், வாரம் ஒரு முறை யாரும் பக்கத்தில் நிற்காமல் போன் பேச விடவேண்டும். அந்தப் பட்டியல் வனஜா மேடம் சென்டருக்கு வரும். ஆண்டர்சன்பேட்டையிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் உள்ள பூத்காரர்கள், லாரி ஆபீஸ்காரர்கள் மாதம் ஒரு நாள் கனி பாய் ஆபீஸில் கூடுகிறோம். வெளியூர் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் வந்தால் கம்பெனி பெயரையும் விலாசத்தையும் வாங்கி, போன் போட்டு விசாரித்த பிறகுதான் ஊர் பிள்ளைகளை அனுப்பும். மைன்ஸ் இந்த வருஷம் மூடியேவிட்டது. போகிறவர்கள் அதிகம், எங்கள் வேலையும் அதிகம்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சேதி நம்முடையது இல்லை. அதைத் திருத்தாதீர்கள், சுருக்காதீர்கள். உங்களுக்குப் புரியாத வார்த்தைதான் அதில் முக்கியமான வார்த்தையாக இருக்கும், அதை முதலில் எழுதுங்கள். எழுதியதை ஆள் கையில் கொடுத்து, வாயாலும் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடேயே சொல்லுங்கள்.

அந்தச் சனிக்கிழமை போனில் பதின்மூன்று பேர் பேசி முடித்தார்கள். வேலூர் பக்கம் இரண்டு பேர், ஆந்திராப் பக்கம் குப்பம் ஊர்ப் பெண்கள் நாலு பேர், மற்றவர்கள் நம் பக்கம். எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை எழுதினேன். கடைசியில் ஒரு சின்னக் குரல் வந்தது. பெயர் லட்சுமி என்றாள்.

"யாருக்கும்மா சொல்லணும்?"

"யாருக்கும் வேணாம்க்கா. சொல்ல ஆளு இல்ல."

"சரிம்மா" என்றேன்.

"வெச்சிடாதீங்க அக்கா. எல்லாரும் பேசினாங்க, நானும் பேசறேன். நீங்க ஏதாச்சும் சொல்லுங்க. ரெண்டு மாசமா 'சீக்கிரம் உரி'ன்றதத் தவிர எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லல."

கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். கண்ணில் பட்டதைச் சொன்னேன். சுமதியோட அம்மா யாரு எவருன்னு பாக்காம எல்லாரையும் கட்டிப் பிடிக்கறாங்க. கனி பாய்னு ஒருத்தர், குண்டா இருப்பாரு, லாரி பானெட் மேல ஏறி நின்னு பஜாருக்கே கேக்கற மாதிரி கத்தறாரு, இறங்க முடியாம முழிக்கறாரு. ரெண்டு பேரு அவரப் பிடிச்சி இறக்கறாங்க. ஒரு ஆடு அவரோட புக்கிங் நோட்டத் தின்னுது, யாரும் பாக்கல.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அப்புறம்?" என்றாள்.

அப்புறம் நடந்ததையும் சொன்னேன்.